"நேத்து எங்க பாடு, டீச்சர்": பழவேற்காட்டுக்கு மாற்றலாகி வந்திருக்கிறேன், ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்

கேட்டவர்: மேட்டுநிலத்து டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் நாமக்கல் பக்கம். தண்ணீர் என்றால் காவிரி, மீன் என்றால் மேட்டூர் அணை மீன், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இந்த வருடம் மாற்றல் கலந்தாய்வில் பழவேற்காட்டை ஒட்டிய ஒரு பள்ளி கிடைத்தது. ஜூனில் சேர்ந்தேன். கணவருக்குச் சென்னையில் வேலை. நானும் மகளும் பொன்னேரியில் வீடு எடுத்துத் தங்கியிருக்கிறோம். தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன்.

என் வகுப்பு ஏழாம் வகுப்பு. ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து ஒரு விஷயம் பிடிபடவே இல்லை. ஒரு பையன் திடீரென்று ஒரு நாள் வரமாட்டான். மறுநாள் கேட்டால் "நேத்து எங்க பாடு, டீச்சர்" என்பான். இரண்டு நாள் கழித்து வேறொருவன் வரமாட்டான். அவனும் அதையே சொல்வான். எங்கள் பக்கம் பாடு என்றால் கஷ்டம். வீட்டில் ஏதோ சண்டை, பாவம் என்று நினைத்து அந்தப் பையனின் அம்மாவைப் பள்ளிக்கு வரச் சொன்னேன். மீன் கூடையோடு வந்தார். "பாடுன்னா பாடுதான் டீச்சர், அதை எப்படிச் சொல்றது?" என்று சிரித்துவிட்டு, எனக்கு ஒரு கை இறால் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இணையத்தில் தேடினால் பூநாரையும் டச்சுக் கல்லறையும் மீன் வறுவல் கடையும்தான் வருகின்றன. எனக்கு வேண்டியது அதுவல்ல. இந்தப் பிள்ளைகளின் வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகிறது, ஊர் எதை வைத்து ஓடுகிறது என்று தெரிந்தால்தான் நான் ஒழுங்காகப் பாடம் நடத்த முடியும் என்று தோன்றுகிறது. அந்தப் பக்கத்துக்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: ஞாயிறு சைக்கிள்

பாடு பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் வருடத்துக்கு மூன்று நான்கு தடவை சென்னையிலிருந்து சைக்கிளில் வருகிறவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

டச்சுக்காரர்கள் 1613ல் அங்கே கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். 1690ல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடமே பழவேற்காடுதான். கோட்டை இருந்த இடத்தில் இன்று மேடும் முட்புதரும்தான். கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதன் வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருப்பார்கள், பிள்ளைகளை ஒரு நாள் கூட்டிப் போய்க் காட்டுங்கள். ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் ராமாயணக் காட்சிகளைச் சின்னச் சின்னதாகச் செதுக்கியிருக்கிறார்கள், அதையும் விட்டுவிடாதீர்கள். பள்ளிவாசல் ஒன்றில் நிழல் கடிகாரம் இருக்கிறது. கணக்குப் பாடத்துக்கு உதவும்.

படகுச் சவாரிக்கு மட்டும் யார் கூப்பிட்டாலும் போகவேண்டாம். 2011ல் கிறிஸ்துமஸ் அன்று சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள்.

பதில்: ஏரிக்கரைக்காரி

டீச்சர், உங்கள் கேள்வியை நேற்று ராத்திரி படித்தேன். அந்தப் பையனின் அம்மா சிரித்ததாக எழுதியிருந்தீர்களே, அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். எங்கள் அம்மாவும் அப்படித்தான் சிரிப்பார். பதில் தெரியாததால் வரும் சிரிப்பு இல்லை அது. தண்ணீர் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நீங்கள் எப்படிச் சொல்வீர்கள், அந்த மாதிரி.

நான் பழவேற்காட்டுக் குப்பத்தில் பிறந்து வளர்ந்தவள். கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் என்று மூன்று ஊர்கள் இருக்கின்றன, அதில் ஒன்று. எங்கள் அப்பா பாட்டுக்காரர், அதாவது பாடு உள்ளவர். இப்போது தம்பி. நான் கல்யாணமாகி மீஞ்சூரில் இருக்கிறேன், ஒரு கூட்டுறவு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன்.

பாடு என்றால் முறை. இன்றைக்கு ஏரியில் இந்த இடத்தில் வலை கட்டும் முறை யாருக்கு என்பதுதான் பாடு. "எங்க பாடு" என்று உங்கள் மாணவன் சொன்னால் அன்றைக்கு அந்த இடம் அவன் அப்பாவுடையது. நாளைக்கு அந்த இடம் வேறொருவருடையது. அடுத்த சுற்று வரும்வரை அவர் அங்கே வலையை நனைக்கக்கூடாது.

இது ஏன் வந்தது என்று புரிய, இறாலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். வெள்ளை இறால் முட்டை போடுவது கடலில். குஞ்சு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வரும். ஏரித் தண்ணீர் அமைதியானது, சேறும் பாசியும் உள்ளது, அங்கே சில மாதம் தின்று வளரும். வளர்ந்ததும் மறுபடி கடலுக்கே திரும்பும். ஐப்பசி கார்த்திகையில் ஆரணி ஆற்றிலும் காளங்கியிலும் வெள்ளம் வந்து ஏரி நிறைந்தால், அந்தத் தண்ணீரோடு இறாலும் வெளியே போகப் பார்க்கும். எங்கள் பக்கம் போக இருப்பது ஒரே வாசல், முகத்துவாரம். அதனால் அந்த வாசலை ஒட்டிய இடம்தான் தங்கம். ஏரி வடக்கே ஆந்திராவுக்குள் எவ்வளவோ தூரம் போகிறது, சிலிகா ஏரிக்கு அடுத்து நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி. ஆனால் எல்லோருக்கும் வேண்டியது அந்தக் கொஞ்ச இடம். அங்கே எல்லோரும் ஒரே நாளில் வலை கட்டினால் யாருக்கும் ஒன்றும் கிடைக்காது, அடிதடிதான் மிஞ்சும். அதனால் எங்கள் முன்னோர் ஊர் கூடி உட்கார்ந்து சீட்டுப் போட்டார்கள். எந்த நாள், எந்த இடம், யார் என்று சீட்டு சொல்லும். நல்ல இடம் இன்று உனக்கு, சுமாரான இடம் அடுத்த தடவை உனக்கு. பணக்காரன், ஏழை என்று சீட்டுக்குத் தெரியாது.

கல்யாணம் ஆன ஆண்களுக்குத்தான் பங்கு. எங்கள் தம்பி கல்யாணத்தில் தாலி கட்டிய சந்தோஷத்தைவிட, அடுத்த சீட்டில் அவன் பெயரும் இருக்கும் என்ற சந்தோஷம்தான் அப்பா முகத்தில் அதிகம் தெரிந்தது.

பாடு விழும் நாளில் வீடு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீரோட்டம் வலுவாக இருக்கும், இறாலும் அதிகமாக நகரும். அந்த நாட்களில் பாடு விழுந்தால் வீட்டில் யாருக்கும் உட்கார நேரமிருக்காது. அப்பா முதல் நாளே வலையைத் திண்ணையில் பரப்பி ஓட்டை பார்ப்பார். நண்டு கடித்த ஓட்டை இருந்துகொண்டே இருக்கும். பொழுது சாயும்போது படகில் கழியும் வலையும் ஏறும். தண்ணீரில் கழிகளை நட்டு, ஓட்டத்துக்கு எதிரே வலையைக் கட்டி நிறுத்தவேண்டும். அப்புறம் நீர் வற்றத் தொடங்கும் நேரத்துக்காகக் காத்திருக்கவேண்டும். கழுத்தளவு தண்ணீரில் நின்று அப்பா வலையின் வாலை அவிழ்ப்பதை நான் சின்ன வயதில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். வயசுக்கு வருவதற்கு முன்னால் என்பதால் படகில் ஏற்றிக்கொண்டார். வலைக்குள் இறால் குதிக்கும் சத்தம், கொதிக்கிற எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி இருந்தது.

விடியற்காலை கரைக்கு வந்ததும் வீட்டு வேலை தொடங்கும். இறால் வேறு, நண்டு வேறு, கிழங்கான் வேறு, மடவை வேறு என்று பிரிக்கவேண்டும். இறாலைப் பெரிசு சின்னதாகப் பிரித்தால்தான் விலை. அது பிள்ளைகள் வேலை. உங்கள் மாணவன் அன்று பள்ளிக்கு வராததற்குக் காரணம் இதுதான். ராத்திரி முழுக்க அப்பாவுக்கு விளக்குப் பிடித்திருப்பான், காலையில் பிரித்திருப்பான், பத்து மணிக்கு எங்கேயாவது சுருண்டு தூங்கியிருப்பான். ஒரு சுற்றில் ஒரு நாள் தவறினால் அது போனதுதான், அடுத்த முறைக்குக் காத்திருக்கவேண்டும். அதனால் பாட்டு நாளில் வீட்டில் ஒரு கைகூடச் சும்மா இருக்கமுடியாது.

எங்கள் அப்பாவுக்கு ஒரு வருடம் மஞ்சள் காமாலை. எழுந்து நிற்கமுடியாது. அவருடைய பாட்டுக்குச் சித்தப்பா வலை கட்டினார். வந்த பணத்தில் பாதியை ஒரு வெள்ளைத் துணியில் முடிந்து அம்மா கையில் கொடுத்தார். அதில்தான் நான் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பணம் கட்டினேன்.

இவ்வளவு சொன்னவள் மற்றதையும் சொல்லியாக வேண்டும். பாட்டில் பெண்களுக்குப் பங்கு கிடையாது. அப்பாவுக்கு நாங்கள் மூன்று பெண், ஒரு ஆண். மூத்தவள் நான். வலை பின்னத் தெரியும், நீர் ஏறுவதும் வற்றுவதும் தெரியும், ஆனால் சீட்டில் என் பெயர் வராது. எங்கள் மீனவச் சாதியான பட்டினவர் அல்லாத சாதிக்காரர்களுக்கும் இதில் இடமில்லை. ஏரியைச் சுற்றி எத்தனையோ ஊர்கள் மீன்பிடித்துத்தான் சாப்பிடுகின்றன. முகத்துவாரத்துப் பக்கம் தங்களுக்கும் பாடு வேண்டும் என்று மற்ற ஊர்கள் கேட்பதும், சண்டை வருவதும், தாசில்தார் முன்னால் உட்கார்ந்து பேசுவதும் பல தடவை நடந்திருக்கின்றன. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் தளம் வந்தபோது அந்தத் தீவில் இருந்த ஊர்களை எழுப்பிவிட்டார்கள், அந்தக் குடும்பங்களும் இந்தத் தண்ணீரை நம்பித்தான் வாழவேண்டியிருந்தது. ஏரி அதே ஏரிதான், வலை கூடிக்கொண்டே போகிறது. எங்கள் முறை நியாயமானது என்று நான் முழு மனசோடு நம்புகிறேன். ஆனால் அந்த நியாயம் ஒரு வேலிக்கு உள்ளே மட்டும்தான் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். இதை எங்கள் ஊரில் சொன்னால் தம்பியே கோபப்படுவான்.

உங்கள் வகுப்பில் இருளர் பிள்ளைகள் இருந்தால் கவனியுங்கள் டீச்சர். அவர்களுக்குப் படகும் கிடையாது, வலையும் கிடையாது, பாடும் கிடையாது. அவர்கள் வீட்டுப் பெண்கள் ஆழமில்லாத தண்ணீரில் முட்டிபோட்டு நகர்ந்து, சேற்றில் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, பிடித்ததை அதில் போட்டுக்கொண்டே போவார்கள். நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் ஊறிய கை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைகள் வராத நாளுக்கு "எங்க பாடு" என்று சொல்ல ஒரு வார்த்தைகூட அவர்களிடம் இல்லை.

பஜார் பக்கம் பாய்மார் வீடுகள் இருக்கின்றன. அந்த வீட்டுப் பெண்கள் பனையோலையில் கூடை முடைவதைப் பார்த்தால் கண் எடுக்கத் தோன்றாது. சாயம் போட்ட ஓலை, மூடி போட்ட பெட்டி, அர்ச்சனைக் கூடை எல்லாம் செய்வார்கள். எங்கள் கல்யாணச் சீர்ப் பெட்டி அவர்கள் முடைந்ததுதான். அம்மா இறால் கொடுத்து வாங்கினார்.

அம்மாவைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பிடிப்பது ஆண்கள் என்றாலும் காசாக்குவது பெண்கள்தான். விடியற்காலை படகுத்துறையில் ஏலம். கூவுகிறவர் வாயையே பார்த்துக்கொண்டு பெண்கள் வட்டமாக நிற்பார்கள். அம்மா அன்னக்கூடையில் மீனை அடுக்கி, மேலே ஈரச் சாக்கைப் போட்டு, பொன்னேரிக்கு எடுத்துப் போவார். நாற்றம் என்று சொல்லி பஸ்ஸில் ஏற்றாமல் விட்டுவிட்டுப் போன நாட்கள் உண்டு. அன்றைக்கெல்லாம் ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்தது போக மிச்சம் ஒன்றுமிருக்காது. விற்காத மீனை உப்பு போட்டுக் கருவாடாக்குவார். இன்று எழுபது தாண்டிவிட்டது, இப்போதும் ஏலச் சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்து நிற்பார்.

ஊரில் சாவு விழுந்தால் யாரும் தொழிலுக்குப் போகமாட்டார்கள். அது யாருடைய பாடாக இருந்தாலும் சரி. அன்றைக்கும் உங்கள் வகுப்பு காலியாக இருக்கும்.

மேட்டுநிலத்து டீச்சர்

அக்கா, இதைப் பஸ்ஸில் படித்துக்கொண்டே வந்து, இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். வருகைப் பதிவேட்டில் அந்தப் பையன் பெயருக்கு நேரே சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருந்தேன். மனசு கஷ்டமாக இருக்கிறது.

இருளர் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் என் வகுப்பில் இருக்கிறார்கள், ஒரு பையன், ஒரு பெண். மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் வந்து போவதாகச் சொல்லி அவர்களைச் சிலர் குறை பேசுவார்கள். இனி நான் பேசவிடமாட்டேன்.

இரண்டு கேள்வி. ஒன்று, போன மாதம் ஒரு நாள் ஊர் ஆண்கள் எல்லோரும் மண்வெட்டியோடு கடற்கரைக்குப் போனார்கள், எதற்கு? இரண்டாவது, கடலில் தடைக்காலம் என்கிறார்களே, அப்போது பாடும் நின்றுவிடுமா?

பதில்: ஏரிக்கரைக்காரி

வட்டம் போட்டதற்கு வருத்தப்படாதீர்கள், உங்களுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

தடைக்காலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன் இனம் பெருகுவதற்காக. ஏரியில் கழி நட்டுக் கட்டும் வலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்த மாதங்களில் எங்களுக்குத் தானாகவே ஒரு தடைக்காலம் வந்துவிடுகிறது. அதுதான் உங்கள் முதல் கேள்வி.

முகத்துவாரம் மண் மூடிப்போகும், டீச்சர். ஏரியிலிருந்து வேகமாகத் தண்ணீர் வெளியே ஓடினால்தான் அந்த வாய் திறந்திருக்கும். மழை குறைந்து ஆறு வற்றிவிட்டால் ஓட்டம் குறையும், கடல் கொண்டுவரும் மணல் வாயில் சேரும். வாய் சுருங்கச் சுருங்கக் கடல் தண்ணீர் உள்ளே வராது, இறால் குஞ்சும் வராது. வெயிலில் ஏரித் தண்ணீர் சுண்டி உப்பு ஏறும். சில வருடம் ஏரிக்கரையில் மீன் செத்து மிதக்கும். நானே சின்னப் பிள்ளையில் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தக் கரையில் நடந்திருக்கிறேன்.

கடலுக்குத் தொழிலுக்குப் போகிறவர்களுக்கும் அதே வழிதான். வாய் ஆழமில்லாமல் போனால் ஃபைபர் போட் மணலில் இடித்து அலையில் புரளும். எங்கள் தெருவிலேயே அப்படி ஒருவரை இழந்திருக்கிறோம். அதனால் ஊர்கள் கூடி, வீட்டுக்கு ஒரு ஆள் என்று மண்வெட்டி எடுத்துப் போய் வெட்டுவார்கள். இப்போது வசூல் போட்டு ஜேசிபி வைத்தும் வெட்டுகிறார்கள். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று பஞ்சாயத்தார் சொன்னால் கொடுத்தாக வேண்டும். வெட்டி முடித்து, ஏரித் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கும்போது ஆண்கள் எழுப்பும் சத்தம் ஊர்வரை கேட்கும். ஆனால் வெட்டிய வாய் அடுத்த கோடையில் மறுபடி மூடும். சில சமயம் சில வாரத்திலேயே.

முன்பும் மூடும், ஆனால் இவ்வளவு சீக்கிரம் மூடியதில்லை என்று அப்பா சொல்வார். நம் கரையில் மணல் வருடம் முழுக்கக் கணக்குப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. தெற்கே கடலுக்குள் கல் கொட்டி எதைக் கட்டினாலும் மணல் அங்கே தங்கும், அதற்கு வடக்கே இருக்கிற கரை கரையும். எங்களுக்குத் தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் இருக்கின்றன. நாங்கள் வடக்கே இருக்கிறோம். துறைமுகத்தை இன்னும் பெரிதாக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது, பாட்டுக்காகச் சண்டை போட்டுக்கொண்ட ஊர்கள் எல்லாம் ஒரே பந்தலில் உட்கார்ந்தன. எங்கள் அம்மா கையில் பதாகை பிடித்து நான் பார்த்தது அன்றுதான். ஏரி செத்துப்போனால் பாடு எதற்கு, சீட்டு எதற்கு? அந்தப் பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. வெளியே சொல்லமாட்டார்கள்.

அதனால்தான் பையன்களைப் படிக்க அனுப்புகிறார்கள். "கடலைப் படிச்சது போதும், காகிதத்தைப் படி" என்று அப்பா எங்களிடம் சொல்வார். உங்கள் மாணவனின் அம்மா மீன் கூடையோடு வேலையை விட்டுப் பள்ளிக்கு ஓடிவந்தாரே, அதிலேயே தெரிகிறது.

உங்களால் செய்யமுடிகிற ஒன்று இருக்கிறது. மாதாமாதம் அமாவாசை, பௌர்ணமி எப்போது என்று நாள்காட்டியில் பார்த்து, அந்த நாட்களில் தேர்வு வைக்காதீர்கள். பிள்ளைகளிடமே கேட்டால் யார் வீட்டுக்கு எப்போது பாடு என்று விரல்விட்டுச் சொல்வார்கள்.

பதில்: கிள்ளான் வாசகர்

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஆண்கள் கட்டும் கட்டம் போட்ட கைலிக்கு மலாயில் "காயின் பெலிக்காட்" என்று பெயர். என் தாத்தா வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு அதைத்தான் கட்டிக்கொண்டு போவார். பெலிக்காட் என்பது பழவேற்காடுதான், அந்தக் காலத்தில் அங்கிருந்து கப்பலேறிய துணியால் வந்த பெயர் என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். எந்த ஊரின் பெயரை இத்தனை வருடம் இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தோமோ, அந்த ஊரில் இன்றைக்கு யார் என்ன செய்து வாழ்கிறார்கள் என்று இங்கேதான் முதல் முதலாகப் படிக்கிறேன். இருவருக்கும் நன்றி. ஏரிக்கரைக்காரி அம்மா, அங்கே இப்போது தறி ஓடுகிறதா?

பதில்: ஏரிக்கரைக்காரி

எங்கள் தெருவில் நான் தறிச் சத்தம் கேட்டு வளரவில்லை ஐயா. கேட்டதெல்லாம் ஏலச் சத்தமும் பாங்குச் சத்தமும் மகிமை மாதா கோயில் மணியும்தான். உங்கள் தாத்தாவின் கைலி பற்றி அம்மாவிடம் சொன்னேன். "நம்ம ஊர்ப் பேரு அவ்ளோ தூரம் போயிருக்கா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

மேட்டுநிலத்து டீச்சர்

அக்கா, நேற்று நடந்ததை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

சமூக அறிவியல் வகுப்பில் வரைபடம் வரைவது பாடம். புத்தகத்தில் இருந்ததை விட்டுவிட்டு, நம் ஏரியை வரையுங்கள் என்று ஒரு பெரிய சார்ட்டைத் தரையில் விரித்தேன். நாற்பது நிமிடத்தில் அவர்கள் வரைந்தது எனக்கு நான்கு மாதமாகத் தெரியாத ஊர். முகத்துவாரம் போன வருடம் எங்கே இருந்தது, இந்த வருடம் எவ்வளவு நகர்ந்தது என்று இரண்டு நிறத்தில் போட்டார்கள். எங்கே சேறு, எங்கே மணல், எங்கே போட் இடிக்கும், எங்கே மடவை துள்ளும், எல்லாம் வந்தது. நான் சிவப்பு வட்டம் போட்ட பையன்தான் தலைமை. பாடு இருக்கிற இடங்களைக் கழி கழியாக வரைந்து, இன்னின்னார் வீடு என்று பக்கத்தில் எழுதினான்.

இருளர் வீட்டுப் பெண் இதுவரை வகுப்பில் வாய் திறந்ததில்லை. அவள் எழுந்து வந்து, யாரும் எதுவும் எழுதாத கரையோரத்தில் விரலை வைத்து "இங்க எங்கம்மா தடவும்" என்றாள். பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் அவனே பென்சிலை அவளிடம் கொடுத்தான். அவள் ஒரு பறியை வரைந்தாள். இன்னொரு பெண், பாட்டுக்காரர் வீட்டுப் பெண்தான், "எங்க அக்காவுக்கும் வலை கட்டத் தெரியும், அவ பேரை எங்க டீச்சர் எழுதறது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அவள் அக்கா பெயரைச் சார்ட்டின் ஓரத்தில் எழுதச் சொன்னேன்.

பதில்: ஏரிக்கரைக்காரி

டீச்சர், இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்க ஊருக்கு வருகிறேன். தம்பிக்கு அடுத்த பாடு சனிக்கிழமை ராத்திரி விழுகிறது, அதனால் ஞாயிறு காலை வீட்டில் இறால் இருக்கும், கடவுள் கொடுத்தால். உங்கள் மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், மடவைக் குழம்பு வைக்கச் சொல்லியிருக்கிறேன். முள் அதிகம், நான் எடுத்துத் தருகிறேன்.

அந்தச் சார்ட்டையும் சுருட்டி எடுத்து வாருங்கள். அம்மா பார்க்கவேண்டும் என்கிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் ஏரியைக் காட்டினால் எந்தக் கழி யாருடையது என்று சொல்லிவிடுவார்.